பிளாஸ்க் மிஸ்ஸியும் எட்டு உசிர்ப் புட்டிங்கும்

மீன் ஐஸுக்கென்று ஒரு வாடை உண்டு. திருகோணமலையில் லொறி ஏறி, தம்புள்ளை வெயிலில் பாதி உருகி, மாத்தளைச் சந்தையில் இறங்கும்போது மரத்தூளும் உப்பும் பாரைமீன் ரத்தமும் சேர்ந்து ஒரு மாதிரி குளிர்ந்து நாறும். அதில் கொஞ்சம் பினாயிலைக் கலந்து பாருங்கள். போன வாரம் சந்தையில் மீன்கடையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். இரண்டு வாடையும் சேர்ந்து முகத்தில் அறைந்தன. வாழைக்காய் வாங்கப் போன நான், ஐம்பதை நெருங்குகிற மனுஷன், திட்டு விழப்போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"யோவ் கிளாக்கரு, மூக்கப் பொத்தாத. கையக் குடு."

யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர் இங்கே இல்லை. ஆனால் காதில் விழுந்தது.

அடித்துச் சொல்கிறேன், இந்த மாத்தளை மாவட்டத்தில் பிளாஸ்க் மிஸ்ஸியைப்போல் கோபப்படத் தெரிந்த ஒருத்தர் பிறந்ததில்லை. நமக்கெல்லாம் கோபம் வரும், போகும். மிஸ்ஸிக்கு வந்தது ஒருமுறைதான். பிறகு அது போகவேயில்லை. விடியற்காலையில் அவருக்கு முன்னால் எழும்பி, முகம் கழுவி, செருப்பு மாட்டி வாசலில் நிற்கும். அவர் சிரித்ததைப் பார்த்ததாக ஒரு கங்காணி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். விசாரித்ததில் அன்றைக்கு மிஸ்ஸிக்குப் பல்வலி.

அலுவிகாரைக்கு மேலே கொக்கோவும் ரப்பருமாக ஏறிப்போகும் ஒரு தோட்டம். எழுபதுகளின் தொடக்கம். நான் தோட்டத்து ஆபீசில் சின்னக் கிளாக்கர். தோட்டத்தை நடத்துகிற துரை சொல்வதைத் தட்டச்சில் அடித்துக் கொடுப்பது என் வேலை. அவர் தோட்டத்து மருத்துவச்சி. எங்கள் பக்கம் நர்ஸ் என்றாலும் மருத்துவச்சி என்றாலும் மிஸ்ஸிதான். ஐம்பது வயதிருக்கும், கல்யாணம் கட்டவில்லை, ஒல்லி உடம்பு, வெள்ளைச் சேலை. கழுத்தில் தோல்வாரில் தொங்கும் பச்சை பிளாஸ்க். தாலிக்குப் பதில் அதைக் கட்டிக்கொண்டார் என்று தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பெண்கள் பேசிக்கொள்வார்கள், மெதுவாக.

புதிதாக வந்த கண்டக்டர் ஒருவர், தோட்டத்து வேலையை மேற்பார்க்கிறவர், மலையேறின களைப்பில் கேட்டுவிட்டார்.

"மிஸ்ஸி, ஒரு வாய் தேத்தண்ணி ஊத்துங்களேன்."

"ஒனக்குப் புள்ள பொறக்கப் போவுதா?"

"இல்லீங்க…"

"அப்ப பொத்திக்கிட்டுப் போ."

பிளாஸ்கில் தேத்தண்ணி இல்லை. உள்ளே மீன் ஐஸ். ஐஸுக்கு நடுவில், துணியில் சுற்றி, சுண்டுவிரல் நீளத்தில் கண்ணாடிக் குப்பிகள். எர்கோமெட்ரின் என்று அவற்றின்மேல் எறும்பு எழுத்தில் போட்டிருக்கும். பிள்ளை பிறந்தபின் சில தாய்மாருக்கு ரத்தம் நிற்காது. அப்போது இதில் ஒன்றை உடைத்து ஊசி போட்டால் கர்ப்பப்பை கைமுஷ்டி மாதிரி இறுகிக்கொள்ளும், ரத்தம் நிற்கும். குளிர்நாட்டுத் தானியக் கதிரில் பிடிக்கிற ஒரு கறுப்புப் பூஞ்சணத்திலிருந்து எடுக்கிற மருந்து. அதற்கு ஒரே சத்துரு சூடு. வெயில் பட்டால், வெளிச்சம் பட்டால் மஞ்சளாகிச் செத்துப்போகும். குளிரான நுவரெலியாப் பக்கத் தோட்டம் என்றால் மரத்து அலுமாரியே போதும். எங்கள் மாத்தளை மலை வெக்கையில் டிஸ்பென்சரி அலுமாரிக்குள் கை விட்டால் பாண் சுடுகிற போறணை அடுப்புக்குள் விட்ட மாதிரி இருக்கும்.

அப்படி ஒரு அலுமாரியிலிருந்து எடுத்த குப்பியைத்தான் மிஸ்ஸி ஒருமுறை செல்லம்மா என்ற ரப்பர் பால்வெட்டுக்காரிக்குப் போட்டார். ஒன்று போட்டார், இரண்டு போட்டார். பச்சைத்தண்ணியைப் போட்டிருந்தாலும் ஒன்றுதான். செல்லம்மாவுக்கு இருபத்திரண்டு வயது. லயத்துத் தரையில் இருந்த சாணி மெழுகல் அன்றைக்குச் சிவந்தது, பிறகு கறுத்தது. மிஸ்ஸிக்குக் கோபம் வந்த நாள் அது.

மறுநாளிலிருந்து பிளாஸ்க்.

விடிகிற நேரம் மிஸ்ஸி அலுவிகாரை ரோட்டோரத்தில் நிற்பார். திருகோணமலை மீன் லொறி வரும். லொறிக்காரர் காசிம் நானா; சந்தையில் அவருக்கு மீன்கடையும் இருந்தது. நல்ல மனுஷன், ஆனால் அவருக்கும் தாங்காது.

"என்ன மிஸ்ஸி இது, மீன் ஒன்னும் எடுக்காம ஐஸ மட்டும் அள்ளிக்கிட்டுப் போறீங்க? என்ட மீன் நாறினா யாரு வாங்குறது?"

"ஒம் மீன் நாறினா கருவாடு நானா. எம் மருந்து நாறினா பொணம். கொட்டு."

நானா கொட்டுவார். "அல்லாவே, இந்தப் பொம்புளைக்கிட்ட வாயக் குடுக்க வேணாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இன்னும் ஒரு கைப்பிடி கூடக் கொட்டுவார்.

ஆனால் மீன் லொறி தினமும் வராது. கடல் கொந்தளித்தால் வராது. டயர் வெடித்தால் வராது. பிரசவம் அதையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்குமா? தோட்டத்தில் நிரந்தரமாகக் குளிர்ந்த இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பங்களாவில், லாம்பெண்ணெயில், அதாவது மண்ணெண்ணெயில், ஓடுகிற ஐஸ்பெட்டி. வெள்ளைக்காரத் துரை போகும்போது விட்டுப்போனது. பின்னால் வந்த நம்ம ஊர்த் துரை அவருடைய நாற்காலி, அவருடைய சாராயக் கிளாஸ்கள், சுவரில் அவர் சுட்டு மாட்டிய மரைமான் தலை, எல்லாவற்றோடும் அதையும் சுதந்திரமாகப் பெற்றுக்கொண்டார்.

மிஸ்ஸி கேட்டது முட்டை வைக்கிற தட்டில் ஒரு மூலை. ஒரு தீப்பெட்டி அளவு. அவ்வளவுதான்.

துரை முதலில் தலையாட்டினார். அவர் சம்சாரம் துரைசாணிதான் கேட்டாராம்: "பிரசவ மருந்து, நம்ம வெண்ணெய்க்குப் பக்கத்திலா?" மறுநாள் துரை என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதம் சொல்லி எழுதவைத்தார். பங்களாவின் குளிர்ப்பெட்டி உணவுப் பண்டங்களுக்கு மட்டுமே உரியது. நான் அடித்தேன். அழகாக, இரண்டு பிரதி.

மிஸ்ஸி அதை வாங்கி மேலும் கீழும் பார்த்தார்.

"நல்லா அடிச்சிருக்க கிளாக்கரு. ஒரு எழுத்துகூடத் தப்பு இல்ல."

இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. என்னைப் பற்றி ஆண்டு விழாக்களில் பல பேர் பல நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பாராட்டு ஒன்றுதான் இன்னும் என் தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது.

துரை மாட்டேன் என்றால் அப்பு இருக்கிறார். அப்பு என்றால் பங்களாச் சமையற்காரர். அவருடைய மகளுக்குத் தலைப்பிரசவம் பார்த்தது மிஸ்ஸி. "அப்பு, நான் ஒன்னு தர்றேன், ஐஸ்பெட்டிக்குள்ள வையி. யாராச்சும் கேட்டா எசன்ஸுன்னு சொல்லு" என்றார். கேக்குக்கு ஊற்றுகிற வனிலா எசன்ஸின் காலி அட்டைப்பெட்டி ஒன்றைத் தேடிப்பிடித்து, அதற்குள் குப்பிகளை அடுக்கி, மூடியில் மாவுப்பசை தடவி ஒட்டினார். முட்டைத் தட்டின் மூலையில் அது ஏறி உட்கார்ந்தது. மருந்து கேக்குச் சாமான் வேஷம் கட்டினால்தான் பங்களாவுக்குள் விடுவார்கள். ஏழு மாதம் ஒரு பிசகும் இல்லை. ஏழு மாதத்தில் மூன்று பெண்கள் பிழைத்தார்கள். துரை தினமும் அந்தப் பெட்டியைத் தள்ளிவிட்டுத்தான் சோடாப் போத்தலை எடுத்திருப்பார்.

எட்டாவது மாதம், கலேவெலயில் மச்சான் வீட்டுக் கல்யாணத்துக்கு அப்பு லீவு போட்டார். மிஸ்ஸியிடம் சொல்ல மறந்துவிட்டார். பதிலுக்கு டவுனிலிருந்து ஒரு சமையற்காரர் வந்தார்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பங்களாவில் பகல் விருந்து. ஊரெல்லாம் பாணுக்கு விடியுமுன் கியூவில் நிற்கிற காலம் அது. லயத்தில் மரவள்ளிக்கிழங்கை மூன்று வேளைக்கு மூன்று பெயர் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பங்களாவில் பன்னிரண்டு முட்டை உடைத்து கரமல் புட்டிங். பக்கத்துத் தோட்டத்துத் துரையும் சம்சாரமும் விருந்தாளிகள். துரைசாணியின் தம்பியும் வந்திருந்தார். சீமைக்கு ரசாயனம் படிக்கப் போய், பட்டம் இல்லாமல் தோள்வரை முடியோடு திரும்பியவர். கழுத்தில் மணிமாலை, காலில் செருப்பில்லை. லயத்து ஆட்கள் முதலில் சாமியார் என்று கும்பிட்டார்கள்.

நான் தபால் பையோடு வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். அப்போதுதான் கீழே லயத்திலிருந்து மிஸ்ஸி ஓடிவந்தார். ஓடி நான் பார்த்ததே இல்லை. மாரியாயிக்குப் பிள்ளை பிறந்துவிட்டது, ரத்தம் நிற்கவில்லை. மீன் லொறி வந்து மூன்று நாளாகிறது. பிளாஸ்க் காலி, இருக்கிற ஒன்பது குப்பியும் ஐஸ்பெட்டியில். நேரே பங்களாச் சமையலறைக்குள், குசினிக்குள் போனார்.

ஐஸ்பெட்டிக் கதவு படாரென்று திறந்தது. பிறகு கேட்டது:

"எங்கடா?"

பதில் சமையற்காரர் நடுங்கிக்கொண்டே விளக்கினார். பெட்டியைத் திறந்து பார்த்தாராம். கண்ணாடிக் குப்பி என்றதும், துரையின் மச்சான் சீமையிலிருந்து கொண்டுவந்த உயர்ந்த சாதி எசன்ஸ் என்று நினைத்தாராம். ஒன்றை ஊற்றினாராம், வாசமே இல்லை. இரண்டு ஊற்றினார், இல்லை. பல்லால் குப்பிக் கழுத்தைக் கடித்துக் கடித்து எட்டு ஊற்றிவிட்டார்.

"நானும் யோசிச்சேனுங்க மிஸ்ஸி, என்னடா சீமச் சரக்கு, மணக்கவே மாட்டேங்குதேன்னு…"

மிஸ்ஸி சாப்பாட்டு அறைக்குள் நுழைந்தார். பங்களா கட்டின நாளிலிருந்து அந்த வாசலை ஒரு லயத்துக்காரி செருப்போடு தாண்டியதில்லை. மேசைமேல் புட்டிங் தட்டு காலி. ஒருத்தர் கரண்டியை நக்கிக்கொண்டிருந்தார்.

"எட்டு உசிரு!" என்றார் மிஸ்ஸி. "எட்டுப் பொம்பளைங்க உசிர வழிச்சு நக்கிட்டீங்களேடா! இனிச்சிச்சா?"

துரையின் முகம் சிவந்தது. அதற்குள் சீமைத் தம்பி, மிஸ்ஸி கையிலிருந்த உடைந்த குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு ஒளி பரவியது. இங்கிலீசில் அவர் சொன்னதன் சாரம் இது: நண்பர்களே, கவலை வேண்டாம். இது எல்.எஸ்.டி. குடும்பம். அதே பூஞ்சணம், அதே வேர். மேல்நாட்டில் நாங்கள் அதைச் சாப்பிட்டுத்தான் கடவுளைப் பார்க்கிறோம். இது அதன் அக்காள்.

அவ்வளவுதான். அவர் வாயை மூடுமுன் பக்கத்துத் தோட்டத்துத் துரை சுவரைப் பார்த்து அலறினார். மரைத்தலை அவரைப் பார்த்துக் கண்ணடித்ததாம். அவருடைய சம்சாரம் தன் வளையல்கள் பாடுகின்றன என்று காதருகே வைத்துக் கேட்டார்; அழுதார்; நல்ல பாட்டு என்றார். எங்கள் துரை, மினுக்கிய தரை ஆறாக ஓடுகிறது என்று தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினார். சீமைத் தம்பி வெளியே புல்லில் மல்லாந்து படுத்து, அண்டம் முழுவதும் தனக்குப் புரிந்துவிட்டது என்றார். அவர் சீமையிலேயே முட்டை சாப்பிடுவதை விட்டவர். புட்டிங்கில் ஒரு கரண்டிகூடத் தொட்டிருக்கவில்லை.

துரைசாணி மட்டும் மிஸ்ஸியின் கையைப் பிடித்துக்கொண்டார். "மிஸ்ஸி, எங்களுக்கு என்ன ஆகும்? செத்துப்போவோமா?"

"ஒரு மணிநேரம் அடுப்புல வெந்த மருந்தும்மா. அது செத்துப்போச்சு. இவங்க பாக்குறதெல்லாம் இவங்க சொந்தச் சரக்கு. ஒங்களுக்கு ஒன்னும் ஆவாது." கையை உதறினார். "அங்க ஒருத்திக்கு ஆவுது."

திரும்பினார். குசினியில் பதில் சமையற்காரர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து காலைப் பிடித்தார்.

"ஒன்னு இருக்குங்க மிஸ்ஸி. ஒன்னே ஒன்னு. எம் மக கல்யாண கேக்குக்குன்னு ஒளிச்சு வச்சேன்."

ஐஸ்பெட்டியைத் திறந்து வெண்ணெய்க் கிண்ணத்தைக் காட்டினார். யாருக்கும் தெரியாமலிருக்க வெண்ணெய்க்குள் அமுக்கி வைத்திருந்தார். பக்கத்தில் வைக்க இடமில்லை என்ற வெண்ணெய்! மிஸ்ஸி ஐந்து விரலையும் விட்டுத் தோண்டினார். குப்பி வந்தது, முழுசாக, ஜில்லென்று. திருடன் ஒருவனின் புண்ணியத்தில் ஒன்று மிச்சம். அந்த வீட்டில் அன்றைக்கு யோக்கியமான காரியம் அந்தத் திருட்டு ஒன்றுதான்.

"கிளாக்கரு! ஐஸு!"

மேசையில் துரையின் விஸ்கிக் கிளாஸ் இருந்தது, ஐஸ் மிதக்க. வாழ்நாளில் யோசிக்காமல் நான் செய்த காரியங்கள் குறைவு. அது ஒன்று. அப்படியே பிளாஸ்கில் கவிழ்த்தேன். துரை தூணைக் கட்டிக்கொண்டே பார்த்தார். ஆறு ஓடிக்கொண்டிருந்ததால் இறங்கிவர முடியவில்லை.

கொக்கோ மரங்களுக்குள்ளால் குறுக்குப் பாதையில் ஓடினோம். மாரியாயி பழஞ்சாக்கில் சாம்பல் நிறத்தில் கிடந்தாள். அவள் புருஷன் வாசலில் நின்று கதவுநிலையைப் பிடித்திருந்தான்; விட்டால் லயமே விழுந்துவிடும் என்பதுபோல. மிஸ்ஸி குப்பியை உடைத்தார், ஊசி போட்டார், வயிற்றைப் பிசைந்தார். பிசைந்துகொண்டே திட்டினார். துரையை, துரையின் பாட்டனை, மாரியாயியை, மாரியாயியின் புருஷனை, என்னை. "கண்ணத் தொறடி, ஒன்னப் பொதைக்கறதுக்கா நான் வெண்ணைல கைய விட்டேன்? தொறடி!" கொஞ்ச நேரத்தில் ரத்தம் குறைந்தது. பிறகு நின்றது. மாரியாயி கண்ணைத் திறந்து, "மிஸ்ஸி, கத்தாதீங்க, புள்ள முழிச்சிக்கும்" என்றாள்.

மிஸ்ஸி வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். பிளாஸ்கில் உருகியிருந்ததை ஒரே மடக்காகக் குடித்தார். முகத்தைச் சுளித்தார்.

"என்னய்யா இது, இந்தக் கசப்பு?"

"துரையோட விஸ்கிங்க."

"த்தூ. இதக் காப்பாத்தத்தான் ஐஸ்பெட்டி வச்சிருக்கானா?"

அதற்கப்புறம் நடந்ததைச் சிரித்துச் சொல்ல எனக்கு வரவில்லை.

துரைக்குப் பார்வை தெளிந்ததும் என்னைக் கூப்பிட்டார். பங்களா உணவில் நச்சுப்பொருள் கலக்கக் காரணமாயிருந்த மருத்துவச்சி என்று ஒரு கடிதம். அடித்தேன். அடுத்த மாதம் இன்னொன்று. இந்தியாவுக்குப் போவதாக மிஸ்ஸியின் அண்ணன் முன்னே எழுதிப்போட்டிருந்தார், தங்கை பெயரையும் சேர்த்து. இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கமும் கணக்காய்ப் பேசி ஆட்களைப் பிரித்துக்கொண்டிருந்த காலம். மிஸ்ஸிக்குப் பயணத்தாள் வந்துவிட்டது. இவருடைய சேவை தோட்டத்துக்குத் தேவை என்று ஒரு வரி துரை எழுதிக்கொடுத்தால் கொஞ்ச காலம் தள்ளிப்போடலாம். தேவையில்லை என்று எழுதச் சொன்னார். அதையும் அடித்தேன். என் விரல்கள், இதோ இந்தப் பத்தியை எழுதுகிற இதே விரல்கள். எனக்குப் பிரஜாவுரிமை இருந்தது, உத்தியோகம் இருந்தது, நிறைமாதத்தில் ஒரு மனைவி இருந்தாள். காரணங்களுக்கு எப்போதும் பஞ்சமில்லை.

இந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்து, இந்தத் தோட்டத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைக் கையில் ஏந்திய ஒருத்தரை, அவர் கண்ணால் பார்த்திராத ஊருக்குத் திருப்பி அனுப்புகிறார்களாம். திருப்பி! எதற்குத் திருப்பி?

மாத்தளை ஸ்டேஷனில் காலை ரயில். தகரப் பெட்டிகள், பாய்கள், கோழிக்கூடு, ஒப்பாரி. மிஸ்ஸி அழவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, அழுகிறவர்களை முறைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையால் கூப்பிட்டார். கடிதங்களைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"பொண்டாட்டிக்குக் கால் வீங்குதா?"

"கொஞ்சம்."

"மொகம்?"

"இல்லீங்க."

கழுத்திலிருந்த தோல்வாரைக் கழற்றினார். அதைக் கழற்றி நான் பார்த்ததேயில்லை. வார் கிடந்த இடத்தில் கழுத்துத் தோல் வெளுத்துக் கோடாகக் கிடந்தது. ஜன்னல் வழியாக பிளாஸ்கை என் கையில் வைத்தார். ஜில்லென்றிருந்தது. மீன் வாடை, பினாயில் வாடை.

"உள்ள ரெண்டு இருக்கு. பெரியாஸ்பத்திரில சண்ட புடிச்சு வாங்கினேன். புது மிஸ்ஸி வர்ற வரைக்கும் ஒம் பொறுப்பு. காசிம் நானாகிட்ட சொல்லிட்டேன், தெனமும் ஐஸ் குடுப்பாரு. வெயில்ல வைக்காத. மஞ்சளாப் போனா வீசிடு. எவளுக்குத் தேவையோ அவளுக்கு மொதல்ல. ஒம் பொண்டாட்டிக்குன்னு ஒளிச்சு வச்ச, அங்கேருந்து வந்து ஒதைப்பேன்."

ரயில் ஊதியது. எனக்குக் கண் மறைத்தது. மன்னிப்பு என்ற வார்த்தை வாய்வரை வந்து, இங்கிலீசிலா தமிழிலா என்று தெரியாமல் நின்றது. "மிஸ்ஸி, அந்தக் கடுதாசிய…" என்று தொடங்கினேன்.

சக்கரம் அசைந்தது. அவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, என் தலையில் ஒரு குட்டு வைத்தார். வலிக்கவில்லை.

"அழுவறத அப்பறம் வச்சிக்கய்யா. ஐஸ் உருகுது. ஓடு."